ஆயிரத்தில் மூன்று

கொட்டகைக்குள் ‘டமால்’ என்று ஏதோ வெடித்தது.

வில்லா கையிலிருந்த மாவுக் கிண்ணத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். புல்தரை முழுக்க வெள்ளையாக இருந்தது. ஜூன் மாதத்தில் ஏது பனி? ஆற்றங்கரைக் காட்டன்வுட் மரங்கள் காய் வெடித்து உதிர்த்த பஞ்சு. அவள் கால் வைக்க வைக்க அது எழும்பி முழங்கால் வரை மிதந்து, அவசரமே இல்லாமல் மறுபடி இறங்கியது. கனவில் ஓடுகிற மாதிரி இருந்தது. இருபதடி தூரத்துக் கொட்டகை கிட்டே வருவேனா என்றது.

கதவைத் தள்ளினாள். உள்ளே வெள்ளி மழை பெய்து ஓய்ந்திருந்தது. உத்தரத்தில், ஜன்னலில், சுவர்க் காலண்டரில், எங்கு பார்த்தாலும் ஈயத் துளிகள். சில இன்னும் நூல் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே தோல் கவசமும் முழங்கை வரை கையுறையுமாக, கரண்டியைப் பிடித்தபடி சிலை போல் நின்றிருந்தார் ஆர்லோ. முகத்தை மறைத்த பிளாஸ்டிக் தடுப்பில் நட்சத்திரம் நட்சத்திரமாக ஈயம்.

“உயிரோடதான் இருக்கியா?”

“இருக்கேன். காலண்டர்தான் போயிடுச்சு.”

தடுப்பைக் கழற்றிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. கவசத்தில் மட்டும் இரண்டு இடத்தில் கருகல். அதற்குப் பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

நடந்தது என்னவென்று கேட்கவே தேவையில்லை. உருகிய ஈயத்தில் ஈரமான ஈயக்கட்டி விழுந்திருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், உள்ளே போய் ஆவியாகிச் சட்டியையே தூக்கி எறிந்துவிடும். அதனால்தான் ஈயம் உருக்குகிற எவனும் கட்டியைச் சட்டி விளிம்பில் வைத்துக் காயவைத்துவிட்டுத்தான் உள்ளே தள்ளுவான். ஆர்லோ ஒருபடி மேலே போய், ஒவ்வொரு கட்டியையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர். முந்தின ராத்திரி மழையில் கூரை ஒழுகி, அலமாரியில் இருந்த கட்டிகள் மேல் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது. வாசலில் இருந்தே வில்லாவுக்கு அது தெரிந்தது.

“இதப் பாக்கலையா நீ?”

“இந்தப் பஞ்சுதான்” என்று ஆர்லோ முகத்துக்கு முன்னால் கையை வீசினார். “ஒண்ணு பறந்து வந்து கண்ணுகிட்ட நின்னுடுச்சு. இந்த வருஷம் ரொம்ப அடர்த்தி வில்லா. நீயே பாக்குற இல்ல?”

வருஷம் தவறாமல் இப்படித்தான் கொட்டுகிறது என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அவள் மனசில் அப்போது வேறொரு கவலை உட்கார்ந்திருந்தது. அதற்கு முன்னால் ஆர்லோவின் பஞ்சுக்கு இடம் இல்லை.

கவலை அவளுடைய கண்.

மொன்டானாவின் மேற்கு மூலையில், ஆறு வளைகிற இடத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில், வில்லா பிராண்ட்வோல்டை இரண்டு காரியத்துக்காக எல்லாருக்கும் தெரியும். பத்தொன்பது வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். பனிக்காலத்திலும் ஒரு பிள்ளையைக்கூட ஐந்து நிமிஷம் காக்க வைத்ததில்லை. அடுத்தது, கிளப் மைதானத்தில் இருநூறு கஜத்தில் பத்துக் குண்டு சுட்டால், பலகையில் விழுந்த பத்து ஓட்டையையும் ஒரு காப்பிக் கோப்பையைக் கவிழ்த்து மூடிவிடலாம். அதுவும் கடையில் வாங்கின குண்டு இல்லை. வீட்டிலேயே வார்த்த ஈயக் குண்டு.

வார்ப்பது அவள் கணவர் ஆர்லோ. அறுபத்தொரு வயசு. தானியக் கிடங்கில் எடை மேடை பார்த்து ஓய்வு பெற்றவர். கொட்டகையின் நீள மேசைக்கு நடுவே ஒரு சிவப்புக் கோடு உண்டு. இடது பக்கம் அவருடையது: சட்டி, அச்சு, அளவு பார்க்கும் மைக்ரோமீட்டர். வலது பக்கம் அவளுடையது: வெடிமருந்து, தோட்டா உறை, தராசு. கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் தராசை அவர் ‘சரிசெய்ய’ப் போக, மூன்று நாள் இரண்டு பேரும் பேசவில்லை. நான்காம் நாள் ஆர்லோ பெயின்ட் டப்பாவோடு வந்து கோடு போட்டார். அன்று முதல் அவர் பக்கத்துப் பொருளை அவள் தொட்டதில்லை. அவள் பக்கத்தை அவர் தொட்டதில்லை. இருபத்தாறு வருஷம் சண்டை இல்லாமல் போனதற்கு அந்தக் கோடுதான் காரணம் என்று இருவருமே நம்பினார்கள்.

அச்சிலிருந்து விழுகிற குண்டு அப்படியே துப்பாக்கிக்குப் போகாது. கொஞ்சம் பருமனாக, கோணல்மாணலாக இருக்கும். அதை ஒரு எஃகு வளையத்தின் வழியே கைப்பிடி போட்டு அழுத்தித் தள்ளவேண்டும். எல்லாக் குண்டும் ஒரே பருமனாக, உருண்டையாக, இடுப்புப் பள்ளத்தில் தேன்மெழுகு நிரம்பி வெளியே வரும். வளையத்தின் அளவில்தான் சூட்சுமம். குண்டு துப்பாக்கிக் குழலின் உள்ளளவைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் பெரிதாக இருந்தால், குழலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சுழன்று நேராகப் போகும். சிறுத்துவிட்டால் பின்னால் வரும் நெருப்பு ஓரத்தில் புகுந்து அதை முந்தும், ஈயம் குழலில் ஈஷிக்கொள்ளும், குண்டு தள்ளாடும்.

போன இலையுதிர் காலத்தில் பழைய வளையம் விரிசல் விட்டது. கடையில் கிடைத்த புது வளையம் அவளுடைய பழைய ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிக்கு ரொம்பச் சின்னது. ஆர்லோ மரக்குச்சியில் எஃகைத் தேய்க்கிற பசை தடவி, ஒரு வாரம் உட்கார்ந்து அதைத் தேய்த்துத் தேய்த்து அகலப்படுத்தினார். கொஞ்சம் தேய்ப்பார், ஒரு குண்டைத் தள்ளுவார், மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை வாசலில் வந்து நின்று, “ஆயிரத்துல முன்னூத்தி எழுபத்தொன்பது அங்குலம். ஒரு முடி கூடவும் இல்ல, ஒரு முடி குறைவும் இல்ல” என்றார். வில்லா அன்றைக்கு ஹக்கிள்பெரிப் பழம் வைத்து இனிப்பு அப்பம் சுட்டுக்கொடுத்தாள்.

வசந்தம் வந்து போட்டிகள் தொடங்கியதும் அவளுடைய குறி கலைந்துபோனது. ஏப்ரலில் காப்பிக் கோப்பை போதவில்லை. மே மாதத்தில் சூப் கிண்ணம் வேண்டியிருந்தது.

ஊரில் யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. வில்லாவின் அப்பாவுக்கு ஐம்பத்தாறாம் வயசில் பார்வை போனது. முதலில் வேலிக் கம்பங்கள் போயின, அப்புறம் குதிரைகள், கடைசியாக முகங்கள். வில்லாவுக்கு இந்த ஏப்ரலில் ஐம்பத்தைந்து முடிந்தது.

அவள் கண் டாக்டரிடம் போகவில்லை. போனால் அவர் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். துப்பாக்கி முனையில் இருக்கும் குறிமுள் ஐம்பத்தைந்து வயசுக் கண்ணுக்குக் கொஞ்சம் மங்கத்தான் செய்யும். பயத்தோடு பார்த்தால் இன்னும் மங்கியது. அவள் தனக்குத்தானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டாள். ஜூன் கடைசிப் போட்டியிலும் இப்படியே போனால், துப்பாக்கியை விற்றுவிடுவது, பஸ் சாவியையும் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிடுவது. குறி தப்பினால் பலகையில் ஓட்டை தள்ளி விழும், அவ்வளவுதான். பஸ்ஸில் முப்பத்திரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இதை ஆர்லோவிடம் சொன்னாள். அவர் அந்தப் போட்டிக்கு இதுவரை இல்லாத நல்ல குண்டு வார்த்துத் தருவதாக மட்டும் சொன்னார். அதற்காக உருக்கியபோதுதான் அந்த வெடிப்பு.

சட்டி வெடித்த மறுநாளே ஆர்லோ மறுபடி உட்கார்ந்து நூறு குண்டு வார்த்தார். வளையத்தில் தள்ளும்போது கைப்பிடியில் முழுத் தோளையும் போட்டு அழுத்தவேண்டியிருந்தது. மூட்டு வலி வந்துவிட்டது, கிழவனாகிவிட்டேன் என்று முனகிக்கொண்டார். பெட்டி மேல் தன் கொட்டை எழுத்தில் 379 என்று எழுதி, சிவப்புக் கோட்டின் மேல் சரியாக நடுவில் வைத்தார். அவள் பக்கத்தில் இருந்து அவள் எடுத்துக்கொண்டாள்.

போட்டி நாளன்று காற்றே இல்லை. சுடும் மேடைக்கும் பலகைக்கும் நடுவில் பஞ்சு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. சுட்ட புகை நகராமல் வெள்ளையாக நிற்க, அதற்குள் பஞ்சும் கலந்து, எது எதுவென்று தெரியாமல் போனது. தூரத்து மலை, தண்ணீருக்கு அடியில் இருப்பது போல அசைந்தது. வில்லா மல்லாந்து ஆற்றில் மிதப்பவள் மாதிரி அமைதியாக மூச்சை விட்டாள். விரல் தானாக மடங்கியது. பத்துக் குண்டும் எங்கோ போவதைப் பார்த்துக்கொண்டே சுட்டு முடித்தாள்.

மைதானப் பொறுப்பாளர் லைல் ப்ரூவெட் பலகையிலிருந்து தாளைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஊரில் டிராக்டர் ரிப்பேர் செய்பவர். வாய் சும்மா இருக்காது.

“வில்லா, இன்னிக்கு நீ மொன்டானாவைத்தானே குறி வச்ச? ரெண்டு குண்டு எல்லை தாண்டி ஐடஹோ பக்கம் போயிருக்கு.”

வழக்கமாக அவள் சுடச்சுடத் திருப்பிக் கொடுப்பாள். அன்றைக்குத் தாளைப் பார்க்காமலே சுருட்டித் துப்பாக்கிப் பெட்டிக்குள் திணித்தாள். “உனக்குத்தான் இந்தத் துப்பாக்கி மேல பத்து வருஷமா கண்ணு, லைல். ஜூலை ரெண்டாம் சனிக்கிழமை வந்து எடுத்துக்கோ” என்றாள்.

லைல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “நான் ஏதோ விளையாட்டுக்குச் சொன்னேன்.”

“நான் விளையாட்டுக்குச் சொல்லலை.”

வீடு திரும்பும்போது வண்டியை அவள்தான் ஓட்டினாள். இப்போதெல்லாம் எப்போதும் அவள்தான். கையில் வண்டி இருக்கிற வரைக்கும் ஓட்டிக்கொள்ளட்டும் என்று ஆர்லோ விட்டுக்கொடுப்பதாக அவள் நினைத்திருந்தாள். வழி நெடுக அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, பஞ்சு பஞ்சு என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

அதற்குப் பின் இரண்டு வாரம் எப்படிப் போனதென்று தெரியவில்லை. காட்டன்வுட் மரங்கள் கடைசிப் பஞ்சையும் உதிர்த்தன. ஒரு ராத்திரி மழை பெய்து தரையில் கிடந்ததையும் ஆற்றோடு கொண்டுபோனது. கழுவிவிட்ட மாதிரி வானம். அக்கரை மலையில் நிற்கிற பைன் மரங்களை ஒன்று இரண்டு என்று எண்ணலாம். வில்லா தினமும் சமையலறை ஜன்னலில் நின்று அவற்றை எண்ணினாள். ஒவ்வொரு நாளும் எண்ண முடிந்தது. அது அவளுக்கு ஆறுதல் தரவில்லை. அப்பாவுக்கும் தூரத்து மரம் கடைசி வரை தெரிந்ததாக ஒரு பொய்யை அவளே சொல்லிக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை காலை ஆர்லோ தபால் நிலையத்துக்கு நடந்து போயிருந்தார். லைல் மத்தியானம் வருவார். துப்பாக்கியை ஒருதடவை துடைத்து வைக்கலாம் என்று கொட்டகையில் பெட்டியைத் திறந்தாள். சுருட்டின தாள் தானாக விரிந்து மேசை மேல் விழுந்தது.

பத்து ஓட்டைகள், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு. அதில் நான்கு வட்டமாக இல்லை.

முதலில் தாள் கசங்கியிருக்கிறது என்று நினைத்து விரலால் நீவினாள். ஓட்டை அப்படியேதான் இருந்தது, முட்டை மாதிரி நீளமாக. ஒன்று பூட்டுச் சாவித்துளையின் வடிவத்திலேயே இருந்தது. குண்டு தலைகீழாகத் தள்ளாடி, பக்கவாட்டில் போய்த் தாளைக் கிழித்திருக்கிறது.

வில்லா ஸ்டூலில் உட்கார்ந்தாள். கண் கெட்டவள் சுட்டால் குண்டு தப்பான இடத்துக்குப் போகும். ஆனால் நேராகப் போகும், வட்டமாகத்தான் துளைக்கும். கண்ணால் ஒரு குண்டைத் தள்ளாட வைக்க முடியாது.

துப்பாக்கிக் குழலுக்குள் வெளிச்சத்தை விட்டு எட்டிப் பார்த்தாள். உள்சுவரில் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாக ஈயம் ஈஷியிருந்தது. எத்தனை முறை துடைத்தும் போகாததை மருந்துக் கரி என்று இதுநாள் வரை நினைத்திருந்தாள்.

பிரஷ் போட்டுக் கைவலிக்கத் தேய்த்து அதை எடுத்தாள். பிறகு எண்ணெய் தடவிய மெத்தென்ற ஈய உருண்டை ஒன்றைப் குழல் வாயில் வைத்து, பித்தளைக் கோலால் மெதுவாகத் தட்டித் தட்டி மறுமுனை வரை கொண்டு போனாள். டொக், டொக், டொக். சத்தம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது, யாரோ அங்கேயும் அதே வேலையைச் செய்கிற மாதிரி. உருண்டை உள்ளங்கையில் வந்து விழுந்தது. குழலின் உள்வடிவம் முழுவதும் அதன் மேல் அச்சாகப் பதிந்திருந்தது.

இனி அளக்கவேண்டும். மைக்ரோமீட்டர் சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

இருபத்தாறு வருஷத்தில் முதல்தடவையாக வில்லா கோட்டைத் தாண்டிக் கை நீட்டினாள்.

சில்லென்றிருந்தது. படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உருண்டையை இடுக்கில் வைத்துத் திருகினாள். உருளையைச் சுற்றிலும் மயிரிழை போலக் கோடுகள். தெரியாது என்று நினைத்துத்தான் பார்த்தாள். தெரிந்தது. ஒவ்வொரு கோடும் தனித்தனியாக, கருப்பாக, பனியில் நடந்த பறவைக் கால் போலத் துல்லியமாகத் தெரிந்தது. முன்னூத்தி எழுபத்தெட்டு. இன்னொருதரம் பார்த்தாள். அதேதான்.

பெட்டியிலிருந்து ஆர்லோ தள்ளிக்கொடுத்த குண்டு ஒன்றை எடுத்து வைத்தாள். முன்னூத்தி எழுபத்தாறு. இன்னொன்று. அதுவும் எழுபத்தாறு. வரிசையாகப் பன்னிரண்டு குண்டு அளந்தாள். பன்னிரண்டும் ஒன்றுபோலப் பிசகில்லாமல் தப்பாக இருந்தன. ஆயிரத்தில் மூன்று குறைவு. ஒரு தலைமுடி கனம்.

வில்லாவுக்குச் சிரிப்பு வந்தது. தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். ஜன்னல் வழியே மலை தெரிந்தது, பைன் மரம் தெரிந்தது, ஒரு மரத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்த பருந்து தெரிந்தது. பஸ் அவளுடையது. துப்பாக்கி அவளுடையது. முப்பத்திரண்டு பிள்ளைகளும் செப்டம்பரில் ஏறி, வழக்கம்போல அவள் தொப்பியைக் கிண்டல் பண்ணலாம்.

ஆர்லோ வந்ததும் இந்தக் குண்டை அவர் மூக்குக்கு நேராக நீட்டி, தானியம் நிறுத்த கை இப்படியா ஏமாற்றும் என்று கேட்கவேண்டும் என்று நினைத்தாள். பெட்டியைத் திருப்பினாள். 379. கொட்டை எழுத்து. முன்பெல்லாம் ஆர்லோவின் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். எப்போதிலிருந்து இவ்வளவு பெரிதானது?

சிரிப்பு நின்றது.

ஒரு வாரம் தேய்த்தவர், தினம் பத்துத் தடவை அளந்தவர். கை தப்பவில்லை, பன்னிரண்டு குண்டும் ஒரே அளவு. மூட்டு வலி என்று முனகவைத்த கைப்பிடி, சின்ன வளையம் என்பதால் கனத்தது. அலமாரியில் ஈரமாக மின்னிய கட்டிகள். வண்டிச் சாவியை அவள் பக்கமே நகர்த்தி வைத்த மாதங்கள். முகத்துக்கு முன்னால் எதையோ விலக்குகிற அந்தக் கை.

வாசலில் சரளைக்கல் சத்தம். ஆர்லோ கையில் கடிதங்களோடு உள்ளே வந்தார். மேசையைப் பார்த்தார். அவளுடைய கை கோட்டைத் தாண்டித் தன் பக்கம் இருப்பதைப் பார்த்தாரோ, பார்க்கவில்லையோ. லைலுக்கு என்ன சொல்வதென்று மட்டும் மெல்ல விசாரித்தார்.

“லைலுக்கு ஒண்ணும் கிடையாதுன்னு சொல்லிடலாம்” என்றாள் வில்லா. குரலை எவ்வளவு சாதாரணமாக வைக்க முடியுமோ அவ்வளவு சாதாரணமாக வைத்துக்கொண்டாள். “இந்தா, இந்தக் குண்டு எவ்ளோன்னு படிச்சுச் சொல்லேன்.”

மைக்ரோமீட்டரை, அதன் இடுக்கில் இருந்த குண்டோடு அப்படியே, அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

ஆர்லோ அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார். தலையைச் சாய்த்து வெளிச்சத்தில் திருப்பினார். முன்னூத்தி எழுபத்தொன்பது என்று அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு அவருடைய இடது கை மெதுவாக எழுந்து, முகத்துக்கு முன்னால் எதையோ ஒதுக்கியது. இன்னொருதரம் ஒதுக்கியது.

வில்லா ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆறும் மலையும் நீல வானமும் இருந்தன. காற்றில் ஒரு தூசிகூட இல்லை.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பியதை அவர் கவனித்தார். கை பாதியில் நின்றது, தாழ்ந்தது. மைக்ரோமீட்டரைச் சத்தம் வராமல் மேசையில், சிவப்புக் கோட்டின் மேல் வைத்தார்.

“பஞ்சு பறக்கறது நின்னு எத்தன நாளாச்சு, வில்லா?”